எண்ணுக்குப் பின்னால் நான்கு எழுத்துகள்

1982 ஏப்ரல் 14, புதன்கிழமை என்று தேதியிட்ட கடித நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. கார்பன் தாளில் எடுத்தது, நீலம் மங்கிவிட்டது. மலேசியாவில், குருண் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஆபீஸிலிருந்து பினாங்கில் இருந்த ஒரு தொலைபேசிச் சாமான் கடைக்குப் போன ஆர்டர் அது. பொருள், உள் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச். எண்ணிக்கை, ஒன்று. சாமான் எண், 1010 டி-ஆர்-டபிள்யூ-எல். கீழே பெரிய கிராணியின், அதாவது தலைமைக் குமாஸ்தாவின், கையெழுத்து. அதற்குப் பின்னால், கையெழுத்தைவிடத் தெளிவாக, பி.ஜே.கே.

அன்று சித்திரை முதல் நாள். நல்ல நாளில் போகட்டும் என்று கடிதத்தை இரண்டு நாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்துதான் அனுப்பினார். தட்டச்சு செய்தவன் நான். அந்த ஆபீஸில் அப்போது நான் சின்ன கிராணி.

எக்ஸ்சேஞ்ச் என்பது சுவரில் மாட்டும் ஒரு பெட்டி. மானேஜரான துரையின் பங்களா, ஆபீஸ், ரப்பர்ப் பால் தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, தோட்டத்துப் பிரிவுகளான டிவிஷன்கள் என்று ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு கம்பி அதில் வந்து சேரும். போனில் எண்ணைச் சுழற்றினால் வேண்டிய இடத்தோடு அது சேர்த்துவிடும். வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் கைப்பிடியைச் சுற்றிப் பேசும் போன் ஒன்று இருந்தது. அது செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. மிஞ்சிய கம்பியில் தொழிலாளர் லயத்துப் பெண்கள் துணி காயப்போட்டார்கள். அந்தக் கம்பி உருப்படியாகப் பயன்பட்ட காலம் அதுதான் என்பது என் கருத்து.

புதிய போன் யாருக்கு மிகவும் வேண்டியிருந்தது என்பதில் தோட்டத்தில் இரண்டு கருத்து இல்லை. ஆற்றங்கரை டிவிஷன் தோட்டத்தின் கடைக்கோடியில் இருந்தது. ஐப்பசி மழையில் நடுவில் உள்ள மண் சாலை முழங்கால் ஆழம் சேறாகிவிடும். முந்தின வருஷ மழையில் அங்கே ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி வேனைக் கூப்பிட ஒருவன் சைக்கிளில் போனான். போனவன் சேற்றில் விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தான், வேன் சேற்றில் புதைந்து எழுந்து வந்து சேர்ந்தது. பெண் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அந்த டிவிஷனில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோருக்கு ஒரே மகள். குருண் பட்டணத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மகள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் டாக்டர் இருந்தார். ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும் என்பதில் மண்டோரின் மனைவி ஒரு அங்குலமும் நகரவில்லை. ஆகவே டாக்டர் இருக்கும் இடத்திலிருந்து டாக்டர் இல்லாத இடத்துக்கு, மஞ்சள் குங்குமம் வளையலோடு, முறைப்படி அழைத்து வர ஏற்பாடு. பிரசவம் ஐப்பசியில். மண்டோர் வாரம் ஒருமுறை ஆபீஸ் படியில் நின்று என்னைக் கேட்பார்.

“தம்பி, போன் எப்பலா வரும்?”

“ஆர்டர் போயிருச்சுண்ணே.”

“மழைக்கு முந்தி வந்துருமா?”

வந்துவிடும் என்றேன். அது பொய்யாகவில்லை. மழைக்கு முந்தியே வந்தது.

எப்படி ஆர்டர் போனது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் பி.ஜே.கே.யைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மூன்று எழுத்தும் அரசு தரும் ஒரு பதக்கத்தின் சுருக்கம். பெரிய கிராணிக்கு அது முந்தின வருஷம் கிடைத்தது. அதை விரித்துச் சொன்னால் என்ன என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. கேட்கவும் யாரும் துணியவில்லை. அவர் வீட்டு வாசல் பலகையில் அது ஏறியது. மருமகனின் தங்கை கல்யாணப் பத்திரிகையிலும் ஏறியது. மாரியம்மன் கோயிலுக்கு அவர் ஒரு மின்விசிறி கொடுத்தார். அதன் மூன்று இறக்கைகளிலும் உபயம் என்றும் அவர் பெயரும் பி.ஜே.கே.யும் சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்தது. விசிறி சுற்றினால் எழுத்து தெரியவில்லை. ஆகவே அந்த வருஷத் திருவிழாவில் சிறப்பு விருந்தினர்கள் வந்த நேரத்தில் விசிறியை நிறுத்தச் சொன்னார். வியர்வை வழிய எல்லோரும் அண்ணாந்து படித்தோம்.

பெயருக்குப் பின்னால் எழுத்து என்பது அவரைப் பொறுத்தவரை உலகத்தை வரிசைப்படுத்தும் முறை. விழா மேடையில் நாற்காலி போடுவது அவர் பொறுப்பு. எழுத்து இல்லாதவர் கீழே. மூன்று எழுத்து உள்ளவர் மேடையில். இரண்டு பட்டங்கள் உள்ளவர் நடுவில், மாலை முதலில். இதில் அவர் தவறியதே இல்லை. பி.ஏ. தேறாத ஒருவர் அதைக் குறிப்பிட்டே பெயருக்குப் பின்னால் போட்டிருந்தார். அவருக்கும் மேடை ஓரத்தில் இடம் கிடைத்தது.

பினாங்குக் கடையிலிருந்து ஒரு சீன இளைஞர் விலைப்புத்தகத்தோடு வந்தார். ஒரே பக்கத்தில் ஒரே படம். படத்தின் கீழே நான்கு எண்கள். முதலாவது வெறும் 1010. இரண்டாவதற்குப் பின்னால் டி. மூன்றாவதற்குப் பின்னால் டி-ஆர். நான்காவதற்குப் பின்னால் டி-ஆர்-டபிள்யூ-எல். பெரிய கிராணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பென்சிலால் ஒவ்வொன்றையும் தொட்டார். துரை அவரிடம் சொன்னது, பத்து இடத்துக்குப் போன் வேண்டும், நல்லதாகப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான்.

“பாத்தியா, இது வெறும் ஆளு. இதுக்குப் பட்டம் ஒண்ணு. இது பரவால்ல. இதுக்கு நாலு.”

பின்னால் உள்ள எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று வந்தவரிடமே கேட்டுவிடலாமா என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“பட்டம் வாங்குன மனுசன் வீட்டுக்கு வந்தா, ஒக்கார வெச்சு அதுக்கு என்ன அர்த்தம்னா கேப்பே?”

சீன இளைஞர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மலாயில், இது கொஞ்சம் வேறு மாதிரி என்று ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. பெரிய கிராணி கையை உயர்த்தி, “சாயா தாவு,” என்றார். எனக்குத் தெரியும் என்று பொருள். அதற்குப் பிறகு நாங்கள் எது கேட்டாலும் அந்த இளைஞர் ‘போலே, போலே’, ஆகட்டும் ஆகட்டும், என்று சொல்லிவிட்டு, பலகாரம் சாப்பிட்டு, தேநீர் குடித்து, வேனில் ஏறிப் போனார். பதக்கம் வாங்கியவரிடம் மறுத்துப் பேச ஒரு விற்பனையாளருக்கு என்ன தலையெழுத்து?

விலை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. அதுவாவது அவரை உறுத்தியிருக்கலாம். உறுத்தவில்லை. பி.ஜே.கே. போட்டதால் கடைக்காரன் கழித்துக் கொடுத்திருக்கிறான் என்று துரையிடமே சொன்னார். துரை பாராட்டினார். அந்தத் துரை நம் நாட்டவர். வெள்ளைக்காரர்கள் போய் நாளாகிவிட்டது. நாற்காலியும் பாராட்டும் முறையும் மட்டும் போகவில்லை.

ஆகஸ்டில் பெட்டி வந்தது. நான்கு பேர் தூக்க வேண்டியிருக்கும் என்று ஸ்டோரிலிருந்து ஆள் வரவழைத்திருந்தார்கள். ஒருவன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். பெரிய கிராணியின் முகம் மாறவே இல்லை. ஒசந்த சாமான் கனமில்லாமல்தான் இருக்கும் என்றார். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நறுக்கி, குங்குமம் தடவி, சந்தனப் பொட்டு வைத்தார்கள். நான் கிறிஸ்தவன், ஆனாலும் என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். எல்லாச் சாமியும் இருக்கட்டும் என்றார்.

அடுத்த வாரம் கடையிலிருந்து மெக்கானிக் வந்தார். சந்தனத்தைத் துடைத்துவிட்டு எண்ணைப் படித்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பிறகு மறுபடி எண்ணைப் படித்தார். அவர் பினாங்குத் தமிழர், பொறுமைசாலி. எண்ணில் முன்னால் இருப்பது சாமானின் குடும்பம், பின்னால் வரும் எழுத்து ஒவ்வொன்றும் அந்தச் சாமானில் செய்த மாற்றம் என்று விளக்கினார். டி என்றால் ஈரம் தாங்கும்படி உள்ளே வார்னிஷ் அடித்தது. ஆர் என்றால் இரும்புச் சட்டத்தில் பொருத்துவதற்காகச் செய்தது, ஆகவே தனக்கென்று கூடு கிடையாது. டபிள்யூ என்றால் கரண்ட் கொடுக்கும் பகுதி இல்லாமல். எல் என்றால் பத்து வேண்டாத சின்ன இடங்களுக்காக, நான்கு லைன் மட்டும்.

பெரிய கிராணி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். நான்கு பட்டத்தில் ஒன்று வார்னிஷ். மற்ற மூன்றும் இல்லை, இல்லை, குறைவு. எதுவுமே இல்லாத வெறும் 1010தான் பத்து லைனோடும் கூட்டோடும் கரண்டோடும் முழுசாக வரும் சாமான்.

“திருப்பி அனுப்பிரலாமா?” என்று கடைசியில் கேட்டார்.

“எப்படிங்கையா எடுப்பாங்க? நீங்க கேட்டதுதான் வந்துருக்கு. ஒரு எழுத்துகூட மாறல,” என்றார் மெக்கானிக்.

அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. தோட்டத்துத் தச்சர் பலகையில் ஒரு கூடு செய்தார்; முட்டைக்கோழிக் கூண்டு போல இருந்தது. கரண்டுக்கு லாரி பேட்டரிகளை வரிசையாக வைத்தார்கள். அவற்றைத் தினமும் தொழிற்சாலை இஞ்சினில் போட்டுச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஒரு நாள் இஞ்சின் நின்றால் மறுநாள் எக்ஸ்சேஞ்ச் முனகும். இரண்டு நாள் நின்றால் மூச்சு விடாது.

பிறகு நான்கு லைன் யாருக்கு என்ற கேள்வி வந்தது. கூட்டம் கால்மணி நேரம்கூட நடக்கவில்லை. முதல் லைன் துரை பங்களாவுக்கு. இரண்டாவது உதவி மானேஜரான சின்னத் துரையின் பங்களாவுக்கு. மூன்றாவது ஆபீஸுக்கு. நான்காவது ஆஸ்பத்திரிக்குப் போகும் என்று நான் நினைத்தேன். ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெசரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்கு அவசியமில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். போன் இருந்தால் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் போக வேண்டும். இந்தக் கணக்கு அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆகவே நான்காவது லைன், எந்த நேரமும் துரை கூப்பிட வசதியாக இருக்க வேண்டும் என்ற காரணத்தால், பெரிய கிராணி வீட்டு ஹாலுக்குப் போனது. மணிபிளாண்ட் ஜாடிக்குப் பக்கத்தில், குரோஷா பின்னிய விரிப்பின் மேல் அது உட்கார்ந்தது. ஆற்றங்கரை டிவிஷனைப் பற்றி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். பிரசவத்தையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கலாம். விடவில்லை.

மண்டோரிடம் இதைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. படியில் நின்று கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. பெரிய கிராணி வீட்டுப் போன் நன்றாக வேலை செய்கிறதா என்று மட்டும் விசாரித்தார். செய்கிறது என்றேன்.

“அப்ப சூசா இல்ல, கஷ்டம் ஒண்ணும் இல்ல தம்பி. போன் அங்க வராது. சரி, நாம வருவோம்.”

என்ன சொல்கிறார் என்று எனக்கு அன்று புரியவில்லை. தீபாவளிக்கு ஒன்றிரண்டு வாரம் இருக்கும்போது புரிந்தது. பால் லாரியில், டிரைவருக்குப் பக்கத்தில், மகளை உட்காரவைத்து வந்தார். மண்டோரின் மனைவி பின்னால் பால் டின்களோடு வந்தாள். கூடவே ஒரு பாய், ஒரு துணி மூட்டை, ஒரு பிளாஸ்க், ஒரு பை நிறைய பூண்டு. லாரி நேராகப் பெரிய கிராணி வீட்டு வாசலில் நின்றது.

பெரிய கிராணியின் மனைவி வெளியே வந்தார். அவரும் நல்ல மனுஷிதான். ஆனால் முப்பது வருஷமாகக் கணவர் பேசுவதைக் கேட்டுக்கேட்டு நாக்கு கூர்மையாகியிருந்தது. பெண்ணின் வயிற்றைப் பார்த்தார், மண்டோரின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் விளக்கத் தேவைப்படவில்லை.

“வாம்மா உள்ள. விரிப்புப் போட்டுப் போனையே ஒக்கார வெச்சிருக்கோம், புள்ளத்தாச்சிக்கு எடமில்லாம போயிருமா?”

மதியம் சாப்பாட்டுக்கு நானும் ஒரு கோப்போடு பெரிய கிராணியுடன் போயிருந்தேன். ஹாலில், போனுக்குக் கீழே பாய். பாயில் அந்தப் பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழ முயன்றாள். அவர் பதறிப்போய் வேண்டாம் என்று கை காட்டினார். மண்டோர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“என்ன மண்டோர் இது?”

“தலைப்பிரசவம் பாருங்கையா. தாய்வீட்ல பாக்கணும்னு வீட்ல ஒரே பிடிவாதம். தோட்டத்துக்கே நீங்கதான தாயும் தகப்பனும். திருவிழா மேடையில நீங்களே சொன்னீங்க.”

உண்மையில் சொல்லியிருந்தார். நாங்கள் கைதட்டியிருந்தோம். நிறைமாதக்காரியை வாசலிலிருந்து திருப்பி அனுப்பினான் என்ற பேச்சு குருண்வரை போகும். பேச்சு போனால் மேடையில் நாற்காலி எங்கே போடுவது? அவர் கோப்பை என் கையிலிருந்து வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் வாசித்தார். பிறகு பெண்ணுக்கு மோர் கொடுத்தார்களா என்று உள்பக்கம் பார்த்துக் கேட்டார்.

அந்த நாட்களில் அந்த வீடு முழுக்கப் பூண்டு மணத்தது. மண்டோரின் மனைவி சமையலறையில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். துரை ஒருமுறை போன் செய்தபோது அந்தப் பெண்தான் எட்டி எடுத்தாள், பக்கத்தில் இருந்ததால். ஐயா குளிக்கிறார் என்று சொன்னாள். பெரிய கிராணி ஈரத் துண்டோடு வந்து, வெறும் போனுக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார்.

இதில் ஒரு விஷயத்தை யாருமே யோசிக்கவில்லை, நானும்தான். அந்தப் போனிலிருந்து கூப்பிட முடிந்தது இரண்டு பங்களாவையும் ஆபீஸையும் மட்டும். வேன் நின்ற ஆஸ்பத்திரிக்கு லைன் இல்லை. மண்டோர் மகளைக் கொண்டுவந்து உட்காரவைத்தது, துரையைத் தவிர வேறு யாரையும் எழுப்ப முடியாத ஒரு போனுக்குப் பக்கத்தில்.

தீபாவளி வந்தது. இரண்டு நாள் லீவு. பால் எடுப்பு இல்லை. தொழிற்சாலை இஞ்சினும் நின்றது. ஆபீஸும் பூட்டு. நான் கோலா கெடாவில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் பொட்டலத்தில் கருவாட்டோடு திரும்பி வந்தபோது, குழந்தை பிறந்துவிட்டது என்று தோட்ட வாசலில் இருந்த காவல்காரரே சொன்னார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் நலம்.

லீவின் இரண்டாம் நாள் பிற்பகல், நல்ல மழையில், வலி எடுத்திருக்கிறது. துரை பங்களாவின் கார் வந்து பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. இதுவரை எல்லோரும் ஒன்றாகச் சொல்கிறார்கள். காரைத் துரையே ஓட்டினார், டிரைவர் லீவு. தூங்கிக்கொண்டிருந்த டிரெசரைக் கதவைத் தட்டி எழுப்பியதும் துரைதான். டிரெசர் அன்று காட்டிய சுறுசுறுப்பை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லையாம்.

கார் எப்படி வந்தது என்பதில்தான் கதை இரண்டாகிறது.

பெரிய கிராணி, போன் செய்தேன் என்றார். என்னிடம் சொன்னார், துரையிடம் சொன்னார், அடுத்த திருவிழா மேடையில் மைக்கிலும் சொன்னார். சரியான சாமான் வாங்கியதால் ஓர் உயிர் தப்பியது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் மனைவி வேறு சொன்னார். போனை எடுத்தாராம்; சத்தமே இல்லையாம். தட்டினார், குலுக்கினார், மறுபடி தட்டினார். பிறகு அதை விரிப்பின் மேல் வைத்துவிட்டு, தீபாவளிப் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், மழையில் பங்களா மேட்டுக்கு ஓடினாராம்.

“அந்த மனுசன் ஓடி நான் பாத்ததே இல்ல தம்பி. கல்யாணத்தன்னிக்கு மழ வந்தப்பகூட நடந்துதான் வந்தாரு,” என்றார்.

மண்டோரிடம் கேட்டேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் எதையும் கவனிக்கவில்லை என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெரிய கிராணிக்குத் தான் பட்ட கடனை அவர் அப்படித் தீர்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

அடுத்த வருஷம் பழைய பெட்டியை ஸ்டோரில் போட்டுவிட்டு, துரையே கையெழுத்திட்டு ஒரு வெறும் 1010 வரவழைத்தார். ஆஸ்பத்திரிக்கு ஒரு லைன் போனது, ஆற்றங்கரை டிவிஷனுக்கு ஒன்று போனது. டிரெசர் வருத்தப்பட்டார்.

இரண்டு நாள் சார்ஜ் ஏறாத பேட்டரியில் அந்த எக்ஸ்சேஞ்ச் வேலை செய்திருக்க முடியுமா என்று பின்னர் ஒரு தொலைபேசி மெக்கானிக்கிடம் கேட்டேன். பேட்டரி புதிதாக இருந்தால் செய்திருக்கலாம், பழசாக இருந்தால் சந்தேகம் என்றார். லாரியிலிருந்து கழற்றியவை எவ்வளவு பழசு என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் துரை மாற்றலாகிப் போய்விட்டார். அவரிடம் நான் கேட்கவில்லை. பெரிய கிராணி அன்று போன் செய்தாரா, ஓடினாரா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை. அவர் தம் வாழ்நாளில் செய்த மிக நல்ல காரியம் அந்த ஓட்டமாக இருக்கலாம். கடைசிவரை அதை மறுத்தார்.